பதினைந்து கெஜமும் ஒரு கட்டைவிரலும்

மதுரைக்கு நான் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அம்மா. தங்கைக்குச் சுகப்பிரசவம் ஆனால் திருப்பரங்குன்றத்து முருகனுக்கு அர்ச்சனை செய்விப்பதாக, யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்தபடியே நேர்ந்துவிட்டாள். நேர்வது அம்மாவின் வேலை. கடல் தாண்டிப் போய் நிறைவேற்றுவது என் வேலை. இரண்டாவது காரணம், காதர். அவனுக்காகத்தான் என் பெட்டியில் வேட்டிகளுக்கு நடுவே நூறடி இரும்பு நாடா ஒன்றும் பயணம் செய்தது.

நான் கொழும்பில் நில அளவைக் கந்தோரில் வரைபடம் வரைகிறவன். அளவு பிசகினால் எனக்குச் சோறு இறங்காது. இரண்டு வருடத்துக்கு முன் புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் சட்டைக்கு நான்கு கெஜம் எடுத்தேன். வீட்டுக்குப் போய் அளந்தால் ஏழு அங்குலம் கூடுதல். வேறு யாராவது என்றால் சந்தோஷப்பட்டிருப்பான். நான் மறுநாள் கடைக்குப் போய்ச் சண்டை பிடித்தேன். விற்றவன் நெடுநெடுவென்று வளர்ந்த ஒல்லி மனிதன், அவன்தான் காதர்.

"எங்க ஊர்ப் பழக்கம் சார். கெஜத்துக்கு ஒரு கட்டைவிரல் விட்டுத்தான் அளப்போம். கிழிக்கும்போது இன்னொரு நாலு விரல். அளவு குறைஞ்சா ஹராம். கூடினா யாரு வந்து கேக்கப் போறா?" என்று சிரித்தான்.

"நான் கேக்கிறன்" என்றேன். அன்று தொடங்கியது எங்கள் சிநேகம்.

காதர் ஒரு காலத்தில் மதுரை டவுன் ஹாக்கி அணியின் கோல்கீப்பர். ஹாக்கியில் கோலுக்கு முன்னால் பதினைந்து கெஜத் தூரத்தில் அரைவட்டமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே இருந்து அடித்த பந்து நேரே உள்ளே போனாலும் கோல் இல்லை. விவரமான கீப்பர் அப்படிப்பட்ட பந்தைத் தொடவே மாட்டான், போகட்டும் என்று விட்டுவிடுவான். பதினோரு வருடத்துக்கு முன் கோப்பைக்கான கடைசி ஆட்டத்தில் காதரும் அப்படித்தான் காலை விலக்கிக்கொண்டு நின்றான். அம்பயர் கோல் கொடுத்துவிட்டார். அந்த ஒரு கோலில் மதுரை தோற்றது. பந்து கோட்டுக்கு உள்ளேயிருந்துதான் அடிபட்டது என்று மைதானம் முழுக்கக் கண்ணால் பார்த்திருந்தது. காதர் ஆட்டத்தை விற்றுவிட்டான் என்று ஊர் முடிவு கட்டியது. தகரக்கடை வைத்திருக்கும் அவன் அண்ணன் இஸ்மாயிலே, "இனி எனக்குத் தம்பி கிடையாது" என்று தெருவில் நின்று சொன்னாராம். காதர் கப்பலேறிவிட்டான்.

நான் மதுரைக்குப் போகிறேன் என்றதும் அவன் கேட்டது இதுதான்: "சார், அந்த ஆட்டத்துக்கு முந்தின நாளு கோலுக்கு நேரா நான் ஒரு கல்லு புதைச்சு வெச்சிருந்தேன். ஓவர்சியர் சங்கிலியை வாங்கி அளந்து, பதினஞ்சு கெஜத்துல புதைச்ச கல்லு. அன்னிக்கு நான் கோட்டைப் பாக்கல, கல்லைத்தான் பாத்தேன். பந்து கல்லுக்கு அந்தப் பக்கம் இருந்துதான் வந்துச்சு. இப்ப எனக்கே சந்தேகமாப் போச்சு. நீங்க அந்தக் கல்லை அளந்து பாருங்க. பதினஞ்சு கெஜம் சரியா இருந்தா ஊருக்கு ஒருதரம் போயி மூஞ்சியக் காட்டுவேன். குறைஞ்சு இருந்தா தப்பு என்னோடதுதான். இங்கினயே கெடந்துக்கிறேன்."

மதுரையில் முதல் நாள் காலையிலேயே எனக்குக் கோபம் வந்தது. நான் வாயைத் திறந்து இரண்டு இட்டலி கேட்டதும், பரிமாறியவர் "சாருக்கு மலையாளமா?" என்றார். எட்டுத் தலைமுறையாகத் தமிழ் பேசுகிற யாழ்ப்பாணத்தானைப் பார்த்து! ஆனால் இலையில் விழுந்த இட்டலியைத் தொட்டதும் கோபம் போய்விட்டது. எங்கள் பக்கம் இட்டலி என்ற பேரில் கிடைப்பதை இனி நான் இட்டலி என்று சொல்லமாட்டேன். இடியப்பமும் சொதியும் எங்களுடையது. அதில் மாத்திரம் விட்டுக்கொடுக்க முடியாது. தெருமுனையில் பருத்திப்பால் என்று ஒன்று சுடச்சுட விற்றார்கள். பருத்தியில் வேட்டிதான் வரும் என்று நினைத்திருந்தேன், குடிக்கவும் தருகிறார்கள். சுக்கும் வெல்லமும் சேர்ந்து தொண்டையில் இதமாக இறங்கியது.

திருப்பரங்குன்றத்தில் அர்ச்சனை நல்லபடியாக முடிந்தது. திரும்பும்போது பஸ் பசுமலைக்கு முன்னால் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது. டிரைவர் இறங்கி முன்பக்கத்தைத் திறந்து பார்த்து, மறுபடி மூடி, பீடி பற்றவைத்தார். "எவ்வளவு நேரம் செல்லும்?" என்று கேட்டேன். "அதுக்கா மனசு வரணும்" என்றார். கொழும்பில் இப்படிச் சொன்னால் நான்கு பேர் பத்திரிகைக்குக் கடிதம் எழுதுவார்கள். இங்கே எல்லோரும் இறங்கி நிழலில் உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது பின்னால் வரிசையாக மாட்டு வண்டிகள் வந்தன. ஒன்றில் இருந்தவர் என்னைப் பார்த்து, "டவுனுக்கா? ஏறுங்கண்ணே, நாங்க அம்புட்டுப் பேரும் அங்கதான் போறோம்" என்றார். டி. கல்லுப்பட்டிப் பக்கத்து விவசாயி, பெருமாள் என்று பெயர். மறுநாள் மாலை கோப்பைக்கான கடைசி ஆட்டமாம். அவருடைய மச்சினன் டவுன் அணியில் ஆடுகிறான். அதற்காக ஊரே வண்டி கட்டிக் கிளம்பிவிட்டது. வண்டியில் கட்டுச்சோறும் மாட்டுக்குச் சோளத்தட்டையும் இருந்தன.

"பதினோரு வருசமா ஜெயிக்கல அண்ணே. நாலு தடவை கடைசி வரைக்கும் வந்து தோத்தாச்சு. எல்லாம் அந்தக் காதர்ப் பய விட்ட சாபம். துட்டை வாங்கிக்கிட்டுக் காலை விலக்கிட்டான் பாவி. மைதானத்துல அவன் பொதைச்ச கல்லு ஒண்ணு கெடக்கு. காதர் கல்லுன்னு சொல்லுவோம். மேட்ச் பாக்கப் போற ஒவ்வொருத்தரும் அதைச் செருப்புக் காலால ஒரு மிதி மிதிச்சுட்டுத்தான் போய் உக்காருவோம். எங்க சின்னப்புள்ளைக கூட மிதிக்கும்."

நான் சொல்லியிருக்கலாம், "அவன் என் சிநேகிதன், நல்லவன்" என்று. ஆனால் ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன்: எனக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. மைதானம் முழுவதும் பார்த்தது பொய்யாகவும் ஒருவன் பார்த்தது மெய்யாகவும் இருக்க முடியுமா? கல் சரியான இடத்தில் இருந்தாலும் கோடும் அதே இடத்தில்தானே இருந்திருக்க வேண்டும்? இந்தக் கணக்கு எனக்குக் கூடவில்லை. வண்டி ஆடிய ஆட்டத்தில் முதுகு வலித்தது. கண்ணை மூடிக்கொண்டேன்.

மறுநாள் விடிந்ததும் நாடாவை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். பனியில் புல் ஈரமாகக் கிடந்தது. கோல் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒரு பக்கத்து அரைவட்டத்துக்குக் கோடு போட்டு முடிந்திருந்தது. மறுபக்கத்தில் வெள்ளைத் தாடி வைத்த ஒருவர் குந்தியிருந்து கயிற்றை அளந்துகொண்டிருந்தார். தாவூது ராவுத்தர் என்று சொன்னார். பள்ளிவாசல் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறார். டவுன் அணிக்கு இருபது வருடமாக ரசிகர். ஆட்டம் ஆடாத குறைக்குக் கோடு போடுவது தன் பங்கு என்றும், அதை வேறு யாரையும் தொட விடமாட்டேன் என்றும் சொன்னார். கடையில் இருந்து இரும்புக் கெஜக்கோலையும் கொண்டுவந்திருந்தார்.

நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கெஜக்கோலைக் கயிற்றோடு சேர்த்துப் பிடித்தார். முனையில் கட்டைவிரலை அழுத்தினார். அடுத்த கெஜத்தை விரலுக்கு அந்தப் பக்கத்தில் இருந்து தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல். பதினைந்து முடிந்ததும் நான்கு விரலைச் சேர்த்துவைத்து, அதற்கும் அப்பால் முடிச்சுப் போட்டார்.

உடனே கல்லைத் தேடினேன். தேட வேண்டிய அவசியமே இல்லை. முடிந்திருந்த அரைவட்டத்துக்குள், கோலுக்கு நேரே, மிதிபட்டு மிதிபட்டு வழவழத்துப்போன தலையோடு தரைமட்டத்தில் கிடந்தது. கோல் கோட்டில் இருந்து நாடாவைப் பிடித்தேன். நாற்பத்தைந்து அடி. நூல் பிசகவில்லை. பதினைந்து கெஜம். சுண்ணாம்புக் கோடு கல்லைத் தாண்டி ஒன்றரை அடி தள்ளிக் கிடந்தது.

திரும்ப அளந்தேன். மூன்றாம் முறையும் அளந்தேன். ராவுத்தர் எழுந்து வந்தார்.

"என்ன தம்பி அளக்கிறீங்க?"

"ஐயா, இந்தக் கோடு பதினைஞ்சு கெஜமில்லை."

அவர் முகம் சிவந்துவிட்டது. "முப்பது வருசமா கடை வெச்சிருக்கேன். என் அளவுல குறைன்னு ஒருத்தன் படியேறி வந்ததில்ல."

"குறையெண்டு நான் சொல்லேல்லை ஐயா. கூட."

நாடாவை அவர் கையில் கொடுத்தேன். அவரே அளந்தார். பிறகு தன் கட்டைவிரலைப் பார்த்தார். நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வருடாவருடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கூட்டியே போட்டிருக்கிறார். எல்லோரும் கோட்டைப் பார்த்து ஆடினார்கள், யாருக்கும் நஷ்டம் இல்லை. கல்லைப் பார்த்து ஆடிய ஒருவனைத் தவிர.

"அன்னிக்கு அந்தப் பய 'கல்லு, கல்லு'ன்னுதான் கத்துனான்" என்றார் ராவுத்தர். "என் கடையிலதான் தொழில் பழகினான் தம்பி. நான்தான் முதல்ல அவனை வெளிய போடான்னேன்." அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நான் காதரைப் பற்றிச் சொன்னேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு எழுந்து, தண்ணீர் ஊற்றித் துண்டால் போட்டிருந்த கோட்டைத் தேய்த்து அழித்தார். என் நாடாவைப் பிடித்து அளந்து இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டார். கோடு கல்லின் மேலேயே போயிற்று. நான் உதவப் போனபோது வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"ஆட்டம் முடியட்டும் தம்பி. இப்பச் சொன்னாப் புள்ளைக மனசு கலங்கிரும். முடிஞ்சதும் நானே சொல்றேன்."

சரி என்றேன். ஆனால் நம்பவில்லை. தோற்றால் ஊரின் கோபத்துக்குப் பயந்து சொல்லமாட்டார். வென்றால் சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வராது. மனிதர்களைப் பற்றி எனக்கு அப்படியொரு எண்ணம்.

மாலையில் மைதானத்தில் எள் போட இடமில்லை. தொப்பி வைத்தவர்களும் தலைப்பாகை கட்டியவர்களும் கலந்து நின்றார்கள். வழியில் கல்லை மிதிக்கப் போனவர்களை ராவுத்தர் மறித்து நின்று, "கோடு கலைஞ்சிரும், போங்க" என்று விரட்டினார். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். பெருமாள் என்னைக் கண்டுபிடித்துப் பக்கத்தில் இடம்போட்டுக் கொடுத்தார். "இன்னைக்கு மிதிக்கல அண்ணே. என்ன ஆகுமோ" என்று அவருக்கு ஒரே கவலை.

ஆட்டத்தைப் பற்றி எழுத எனக்கு ஞானம் போதாது. எதிரணி வாட்டசாட்டமாக இருந்தது. நம் பையன்களில் பாதிப்பேர் வெறுங்காலோடு ஓடினார்கள். நம் பையன்கள் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். கடைசிக்குச் சற்று முன்னால் கோல் முன்பு ஒரே கால்களும் கட்டைகளுமாகக் குழம்பிக் கிடந்தபோது, பெருமாளின் மச்சினன் எங்கிருந்தோ பந்தைத் தள்ளிவிட்டான். அழகான கோல் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் உள்ளே போயிற்று.

விசில் ஊதியதும் பெரிய கூச்சல் எழும் என்று காதைப் பொத்தத் தயாரானேன். கூச்சல் எழவில்லை. நம்ப முடியாமல் எல்லோரும் அம்பயரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் இருந்த இரண்டு முதியவர்கள் உருதுவில் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னவென்று கேட்டேன். அவர்களில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழில் சொன்னார்: "எங்க அண்ணன் போன மாசந்தான் மவுத்தாப் போனாரு. இன்னும் ஒரு மாசம் இருந்திருக்கப்படாதான்னு சொன்னேன்." பெருமாள் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். அதன் பிறகுதான் கொட்டுச் சத்தம் கிளம்பியது.

கோப்பையை வண்டியில் வைத்து டவுனுக்குள் கொண்டுபோனார்கள். தவிலும் நாயனமும் முன்னால், ஆட்டக்காரர்கள் மாலையோடு நடுவில், பின்னால் ஊர். கடைகளின் சாக்குமூட்டைகளில் இருந்து பொரியும் கடலையும் அள்ளி வீசினார்கள். பூக்காரிகள் கூடையையே கவிழ்த்தார்கள். நான் ராவுத்தரைத் தேடினேன். வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

பள்ளிவாசல் தெருமுனை வந்ததும் கொட்டுக்காரர்கள் தாமாகவே நிறுத்திக்கொண்டார்கள். பள்ளிவாசலைத் தாண்டும் வரை கொட்டக்கூடாது, அதுதான் வழக்கமாம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்தி வெளிச்சத்தில் இத்தனை ஜனமும் செருப்புச் சத்தம் மாத்திரம் கேட்க நடந்தது. அந்த அமைதியில்தான் ராவுத்தர் வண்டியை நிறுத்தச் சொல்லி அதில் ஏறினார்.

"பதினோரு வருசத்துக்கு முந்தி நாம தோத்தது காதராலே இல்ல" என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. "கோடு போட்டது நான். துணி அளக்கிற கணக்கா விரல் விட்டு அளந்து, ஒண்ணரை அடி கூட்டிப் போட்டிருக்கேன். இன்னிக்குக் காலையில அளந்து பாத்தாச்சு. காதர் நின்னது சரி. என் கோடுதான் தப்பு. என் பழியை அவன் சொமந்துக்கிட்டுப் போயிட்டான்."

கூட்டத்தில் இருந்து ஒரு குரல் கேட்டது: "பாய், இம்புட்டு நல்ல நாள்ல இதைச் சொல்லணுமா? நாளைக்குச் சொல்லப்படாதா?"

"நாளைக்கு நீங்க அம்புட்டுப் பேரும் ஒண்ணா இருக்க மாட்டீங்களே" என்றார் ராவுத்தர். "அன்னிக்கு அவனை வைதது எல்லாருந்தானே."

இறங்கிவிட்டார். கோல்கீப்பர் பையன் தன் கழுத்து மாலையைக் கழற்றிக் கோப்பையின் மேல் வைத்தான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றி வைத்தார்கள். வண்டி நகர்ந்தது. பள்ளிவாசலைத் தாண்டியது. அடுத்த தெருவுக்குத் திரும்பியது. இனிக் கொட்டலாம். தவில்காரர் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டே நடந்தார். கடைசிவரை கொட்டவில்லை.

பெருமாள் என் கையைப் பிடித்தார். "அண்ணே, அளந்தது நீங்களாம்ல. நேத்து வண்டியில நான் வாய்க்கு வந்தபடி பேசிக்கிட்டு வந்தேன். ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"நேற்று நான் அளக்கேல்லை" என்றேன்.

அதைச் சொல்லும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. இரண்டு வருடப் பழக்கத்தை விட நாடாவைத்தான் நான் நம்பியிருக்கிறேன். ராவுத்தரைப் பற்றியும் தப்பாகவே நினைத்தேன். அவர் கோடு ஒன்றரை அடிதான் பிசகியது. நான் அதைவிட அதிகம் பிசகிவிட்டேன்.

மறுநாள் காலை ரயிலுக்குப் புறப்படும்போது தங்கியிருந்த விடுதி வாசலில் ஒருவர் நின்றார். காதரின் நெடுநெடு உயரம், காதரின் மூக்கு. கையெல்லாம் ஈயப் பற்றுத் தழும்பு. இஸ்மாயில்தான் என்று கேட்காமலே தெரிந்தது. ராவுத்தர் சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். "முடி நரைச்சிருச்சா அவனுக்கு?" என்று கேட்டார்.

"காதோரம் கொஞ்சம்."

"அவனுக்கு இளவயசுல சுருட்டை முடி" என்றார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரத்துக்குப் பின், "நோன்பு வரதுக்குள்ள வந்துரச் சொல்லுங்க. நான் அன்னிக்குச் சொன்னதெல்லாம்... வந்துரச் சொல்லுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார்.

கொழும்பில் இறங்கியதும் பெட்டியைக்கூட வீட்டில் வைக்காமல் புறக்கோட்டைக்குப் போனேன். காதர் என் முகத்தைப் பார்த்தான். கோப்பையைப் பற்றி அவன் கேட்கவில்லை.

"கல்லு?"

"நாற்பத்தைஞ்சு அடி. சரியாய்க் கிடக்குது."

"கோடு?"

"நாற்பத்தாறரை."

அவன் உதடு அசைந்தது. மனதுக்குள் கூட்டுகிறான் என்று தெரிந்தது. "ஒண்ணரை அடி... பதினஞ்சு விரலு... அப்பறம் கிழிக்கிற நாலு விரலு..." சட்டென்று நிமிர்ந்தான். "தாவூது மாமா! யா அல்லாஹ், அவரு விரல் விடாம அளந்ததே இல்லையே சார். எனக்கு எப்படித் தோணாமப் போச்சு!"

மற்றதையும் சொன்னேன். ராவுத்தர் வண்டியில் ஏறி நின்றதை, கொட்டாமல் போன தவிலை, மாலைகளை, அண்ணன் சொன்னதை. கெஜக்கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் அழுதான். எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு பெண்மணி வந்து சீட்டித் துணி மூன்று கெஜம் கேட்டார். காதர் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டு துணியை விரித்தான். என் கண் வழக்கம்போல அவன் கைக்குப் போயிற்று. கோலின் முனையில் கட்டைவிரலை அழுத்தினான். ஒரு கணம் அந்த விரலையே பார்த்தான். பிறகு அடுத்த கெஜத்தை அதற்கு அப்பால் இருந்து தொடங்கினான்.

"விரலை எடு எண்டு எத்தினை தரம் சொல்லுறது!" என்று கல்லாவில் இருந்து முதலாளி கத்தினார்.

"இன்னும் நாலு நாளுதான் முதலாளி, ஊருக்குப் போறேன்" என்றான் காதர். நான்கு விரலையும் சேர்த்துவைத்து, அதற்கும் தள்ளிக் கிழித்தான்.